பேவனதொட்டி, மாட்டுக் கொட்டகை

விடியுமுன் நாலரை.
கெம்பம்மாவின் கொட்டகைச் சுவரில்
தலை தாழ்த்திப் பின்புறம் தூக்கி
உட்கார்ந்தவற்றை மட்டும்
உறிஞ்சினேன். பதினேழு.

"இதுல காச்சல் குடுக்கறது எது?"

ஒரே பெயர், ஒரே இறக்கை,
உள்ளே ஐந்து இனம்.
அரைச்சினைப் பெண்ணின் சினைப்பையை நசுக்கி
குரோமோசோம் வரிகளைப் படித்தால்தான்
பி-யா ஈ-யா தெரியும்.
"சேலத்துல பார்ப்பாங்க" என்றேன்.

ஒரு குழாயில் மட்டும் கருஞ்சிவப்பு வயிறு.
பசுவின் ரத்தமோ,
வீட்டுக்குள் மூன்று கம்பளியிலும் நடுங்கும்
மாதப்பனுடையதோ.

சீட்டு எழுதினேன்:
தேதி, நேரம், அஞ்செட்டி அருகில்.
எட்டிப் பார்த்தாள்.
படிப்பாளென்று நான் நினைக்கவில்லை.

"அஞ்செட்டி பன்னெண்டு கிலோமீட்டரு.
எங்க ஊருக்குன்னு ஒரு பேரு இருக்குதுங்க."

அடித்து எழுத இடமில்லை.
வேறு சீட்டு எடுத்தேன்.