மண்ணாய்ப் போனவை

ஜோகன்னஸ்பர்க் இழப்பீட்டு அலுவலகத்துக்கு,
லெசோத்தோவிலிருந்து மொலியேஹி எழுதுவது.
உங்கள் பதினோராவது கடிதம் வந்தது.
முந்தைய பத்தின் அசல்களோடு
நேரில் வரச் சொல்லியிருக்கிறீர்கள்.
அவை இருக்கும் இடத்தைச் சொல்கிறேன்.

முதல் கடிதம் அடியில்,
கல்வட்டத்தின் கீழடுக்கில்,
துருவேறிய மீன் டப்பாக்களுக்கு மேலே.
இரும்பு கீரைக்கு நல்லதாம்.
தாள்களைக் கோத்திருந்த ஊசியையும்
எடுக்காமலே போட்டேன்.

இரண்டும் மூன்றும்
சாணத்துக்கும் சோளத்தட்டைக்கும் நடுவில்.
நான்காவதை ட்செலிசோ இரண்டு முறை வாசித்தான்.
"நெஞ்சுப் படத்தில் தெளிவில்லை" என்றிருந்தது.
இருபத்திரண்டு வருஷம்
பூமிக்குள் பாறை துளைத்தவன்,
இருமிக்கொண்டே சிரித்தான்.
கிழித்தது அவன்.
சாம்பல் போட்டு மூடியது நான்.

ஈரச் சாம்பல்.
காய்ந்ததை அவன் பக்கத்தில் கொட்டக் கூடாது.
ஒரு கைத் தூசு போதும்,
அன்றிரவு கட்டிலே இருமும்.
அதனால் எங்கள் வீட்டில் எதையும்
நனைத்துத்தான் கொட்டுவோம்.
குப்பைக்கும் அதுதான் பிடித்திருந்தது.

வட்டம் ஒன்றும் பெரிதில்லை,
குறுக்கே நடந்தால் மூன்று எட்டு.
ஒரு பக்கம் பிளந்து வழி,
நடுவில் நாணல் கூடை.
கூரைமேல் ஏறிப் பார்த்தால் சாவித் துவாரம்.
உருளைத் தோல், தேயிலைச் சக்கை,
பாத்திரம் கழுவிய நீர், எல்லாம் அந்தக் கூடைக்கு.
சுவரை இடுப்பு உயரத்துக்கு எழுப்பினேன்.
குனிந்தால் அவனுக்கு மூச்சு திரும்புவதில்லை.

ஜூலையில் பனி கொட்டியது.
மலை, தொழுவம், கழுதையின் முதுகு
எல்லாம் வெள்ளை.
கூடையின் வாய் மட்டும் கறுப்பாய்,
ஆவி விட்டுக்கொண்டு.
கம்பியைச் சொருகி எடுத்து
நுனியைத் தொட்டுப் பார்த்தான் ட்செலிசோ.
"எனக்கு ராத்திரி வரும் காய்ச்சல்
இதற்குப் பகலிலேயே வந்துவிட்டது."

ஆபீஸ் காகிதம் தின்ற கீரையைத்
தொடமாட்டேன் என்றாள் பக்கத்து வீட்டு ந்தோஃபேலா.
அக்டோபரில் தட்டோடு வந்தாள்.

கணக்கு கேட்பீர்கள். எழுதிக்கொள்ளுங்கள்.
வாரம் மூன்று முறை கீரை அறுக்கிறேன்.
பீட்ரூட்டை எண்ணவில்லை.
மேட்டு வயலுக்கு இரண்டு மழைக்காலமாய்
இந்த எருவைத்தான் கழுதையில் ஏற்றினேன்.
இரண்டு மூட்டை சோளம் கண்ட நிலம்
போன மே மாதம் நான்கரை தந்தது.
எலி தின்றது தனி.

மண்ணாய்ப் போக, மண்ணாய்ப் போக என்று
ஒவ்வொரு கடிதத்தையும் திட்டினேன்.
போயின.
என் வாய்ச்சொல் இப்படிப் பலித்தது
இதுதான் முதல் தடவை.

ஒன்று மட்டும் மட்கவில்லை,
உறையில் முகவரி தெரிய ஒட்டுவீர்களே,
அந்தக் கண்ணாடித்தாள்.
புழு அதைச் சுற்றிக்கொண்டு போகிறது.
சலித்தபோது பத்தும் சல்லடையில் நின்றன.
கழுவி, நூலில் கோத்து,
பாத்திமேல் கட்டிவிட்டேன்.
காற்றில் அவை பளிச்சிட
குருவிகள் வேறு வீடு பார்க்கின்றன.

அசல் வேண்டுமென்றால் ஆள் அனுப்புங்கள்.
ஒரு வாளி தருகிறேன்,
கையெழுத்துப் போட்டு.
வாளியைத் திருப்பித் தர வேண்டும்.

பதினோராவது தடித்த தாள்.
ஊற வைத்திருக்கிறேன்.