கூட்டல் ஒன்று

விக்ரோலி, நாலாவது மாடி, ஜூலை.
தண்டவாளம் மூழ்கிவிட்டதாம், யாரும் இன்னும் கிளம்பவில்லை.
நாற்பத்து மூன்று ஃபங்ஷன்களுக்கு
விளக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.
ஃபங்ஷன் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்றேன் போனில்.
யார் வீட்டில், என்றாள் அம்மா.

யார் வீட்டிலும் இல்லை.
வரியை எங்கே முறிப்பது என்று பார்ப்பது ஒன்று,
சொல்லை எங்கே பிளந்து சிறுகோடு இடலாம் என்பது ஒன்று.
மைக்கும் தாளுக்கும் நடுவே நிற்கிற
சி மொழிச் சாமான்கள்.
எந்த இயந்திரத்தில் இறக்கினாலும் ஓடும்,
அதுதான் அதன் பெருமை.
(நானும்தான். ஏழு வருடத்தில் ஐந்து வாடகை வீடு.
காட்கோபரில் ஓடினேன், அம்பர்நாத்தில் ஓடுகிறேன்,
ஒரு எச்சரிக்கைச் செய்தியும் காட்டாமல்.)

ஒவ்வொன்றிடமும் அதே கேள்விகள்:
என்ன வாங்குகிறாய், என்ன தருகிறாய்,
தந்ததை யார் விடுவிக்க வேண்டும்,
முடியாவிட்டால் எப்படிச் சொல்வாய்?
முடியாவிட்டால் கழித்தல் ஒன்று என்று சொல்லிவிடும்.
மனிதர்களிடமும் கேட்டுப் பார்த்திருக்கிறேன்,
மூன்றாவது கேள்வியில் எழுந்து போய்விடுகிறார்கள்.

எழுத்து வரிசையை மாற்றுகிற ஃபங்ஷனை மட்டும்
எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.
'கொடு' என்று கொடுத்தேன்.
ககரத்துக்குப் பின்னால் நின்ற ஒற்றைக் குறியைப் பிரித்து
கொம்பை இந்தப் பக்கம், காலை அந்தப் பக்கம் நிறுத்தியது,
மாப்பிள்ளைத் தோழர்கள் மாதிரி.
ஆவணத்தில் அதையே எடுத்துக்காட்டாகப் போட்டேன்.
ஃபாண்ட் கெட்டுப்போச்சா, என்றான்
பக்கத்து மேசை பரேஷ்.

இருபத்தொன்பதாவது, வரி அகலம்.
கணக்கிடுகிறது, சரியாகவே கணக்கிடுகிறது,
திருப்பித் தரும் நேரத்தில்
ஒன்றைக் கூட்டிவிடுகிறது.
மேலே மராத்தியில் ஒரு குறிப்பு:
ஹாத் லாவூ நகோ. கை வைக்காதே.
கை வைத்தேன்.
கூட்டலை எடுத்துவிட்டு ஆறு இயந்திரங்களில் ஓட்டினேன்.
ஒன்றும் ஆகவில்லை.
திருப்பி வைத்தேன்,
அப்போதும் ஒன்றும் ஆகவில்லை.

எழுதியவர் மிலிந்த் கர்னிக், ஓய்வுபெற்று டோம்பிவலியில்.
கூட்டல் ஒன்றா, என்றார்.
அவர் பக்கமும் மழை.
யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம்,
நான் லைன் போய்விட்டதென்று நினைத்தேன்.

பிவண்டியில் ஒரு பிரிண்டர் இருந்தது, என்றார்.
விசைத்தறிக் கூலிச் சீட்டு அடிக்கிறது.
வரியின் கடைசி எழுத்தைக் கடித்துவிடும்.
ஒரு வெள்ளிக்கிழமை, அறுநூற்று நாற்பது வரவேண்டியவன் சீட்டில்
அறுபத்து நாலு.
சீட்டில் இருப்பதுதான் கூலி, என்றானாம் குமாஸ்தா.
அவன் சண்டை போடவில்லை.
சீட்டைத் திருப்பிப் பார்த்தான்,
மிச்சம் பின்பக்கம் இருக்கும் என்பதுபோல.
அன்று ராத்திரியே ஒன்றைக் கூட்டினேன்.
பிரிண்டரா? அது எப்பவோ காயலான் கடைக்குப் போச்சு.

எழுதினேன்:
தரப்படும் அகலம் உண்மையான அகலத்தைவிட ஒன்று அதிகம்.
காரணம், பிவண்டியில் ஒரு பூஜ்யம்.

பரேஷ் இரண்டாவது வரியை அடித்தான்.
பயனருக்குத் தேவையில்லை என்றான்.
சரிதான், தேவையில்லை.
'பழைய சாதனங்களுடன் இணக்கம் கருதி' என்று மாற்றினேன்.
எல்லோரும் தலையாட்டிவிட்டுத் தாண்டிப்போகும் வாக்கியம்.

ஒன்பதரைக்கு ரயில் விட்டுவிட்டதாகச் சொன்னார்கள்.
குடையைத் தேடும்போது
மூலக் கோப்பைத் திறந்தேன்.
கம்பைலர் படிக்காத இடத்தில்,
கை வைக்காதே என்பதற்குக் கீழே,
அறுநூற்று நாற்பது என்று தமிழில் அடித்தேன்.
எண்ணால் அல்ல, எழுத்தால்.
கடைசியில் 'து' முழுசாக இருக்கிறதா என்று
ஒருதரம் பார்த்துக்கொண்டேன்.

தாணே வரைக்கும் நின்றுகொண்டுதான்.
முப்பதாவது ஃபங்ஷன் பக்க எண் போடுவது.
அது நாளைக்கு.