நானூறு மில்லிமீட்டர்

முதலில் வந்தது ரொட்டி வாசனை.
எவரோ அகாலத்தில் அடுப்பு மூட்டியிருக்கிறார்கள் என்று
புரண்டு படுத்தேன்.
பிறகுதான் சன்னல் சிவந்தது.
ரூசே துறைமுகத்தில்
கோதுமைக் கிடங்கு எரிகிறது.

வாரநாட்களில் வீடு வீடாகத்
தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவன் நான்.
ஞாயிறுகளில் நாரை பார்ப்பவன்.
டான்யூபின் நாணல் ஓரம்
ஒரு சாம்பல் நாரை கால் மாற்றி நிற்பதற்காக
மூன்று மணி நேரம் ஈரத்தில் கிடந்திருக்கிறேன்.
ஊர்ப் பத்திரிகையின் காலண்டரில்
நவம்பர் மாதம் என்னுடையது.

அந்த ஒரு நவம்பரை நம்பித்தான்
நெவெனா தொலைபேசியில் அழைத்தாள்.
"எங்கள் ஆள் சோஃபியாவில், தங்கை கல்யாணம்.
ஐந்து மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போகிறது."
எனக்குத் தெரிந்ததெல்லாம் பறவை என்றேன்.
அவள் ஒற்றைக்காலில் நின்றாள்,
அதிலாவது எனக்குப் பழக்கம் உண்டு.
பைஜாமாவின் மேலேயே கால்சட்டையை மாட்டினேன்.

கிரேன்களின் அடியில் பையைத் திறந்தால்
உள்ளே ஒரே ஒரு லென்ஸ்.
முழங்கை நீளம். நாரைகளுக்கு வாங்கியது.
பக்கத்தில் இருப்பது எதுவும் அதற்குப் பழக்கமில்லை.

நான்கு மாடி உயரத்துக்குத் தீ.
என் சட்டத்துக்குள் அகப்பட்டது
ஒரு தீயணைப்பு வீரரின் காது.
ஒரு பொத்தான்.
குழாய் இணைப்பில் கசிந்த நீர்,
அதற்குள் இம்மியளவு சிவப்பு.
பிறகு புகை, வெறும் புகை.
எதைப் பிடிப்பதென்று தெரியாமல்
லென்ஸ் முன்னும் பின்னும் முனகியது.

பின்வாங்கினேன்.
பத்தடி. ரயில் தண்டவாளம். சுங்கக் கட்டடத்தின் சுவர்.
எல்லாரையும் "கிட்டே போகாதே" என்று தடுத்த போலீஸ்காரர்
என்னிடம் மட்டும்
"எங்கே ஓடுகிறாய்?" என்றார்.
ஒரு பள்ளிக்கூடப் பையன் கைபேசியை உயர்த்தியபடி
எதிர்த்திசையில் என்னைக் கடந்தான்.
ஒரு செருப்பு அறுந்திருந்தது, அவன் கவனிக்கவில்லை.

மேட்டுக்குப் போகும் படிகள்.
ஏற ஏறத் தீ முழுதாகிக்கொண்டே வந்தது,
சின்னதாகிக்கொண்டும்.
கூரை அடங்கியது. ஆறும் அடங்கியது.
அக்கரை ருமேனியாவில் யாரோ விளக்குப் போட்டார்கள்.
கடைசிப் படியில் முழுக்கிடங்கும் சட்டத்துக்குள் வந்தபோது
நடுவில் ஒரு முதுகு.

ஸ்தோயில். இரவுக் காவலாளி.
எனக்கு அவரைத் தெரியும், அதாவது அவர் மீட்டரைத் தெரியும்:
மூன்றாம் மாடி, பாத்திரத் தொட்டிக்கு அடியில்,
மாதம் நாலு கன மீட்டர், தனி ஆள்.
கையில் சாவிக்கொத்து.
அந்தச் சாவிகளுக்கு இனிக் கதவு கிடையாது.
அவர் திரும்பி என்னையும் கருவியையும் பார்த்து
"இன்றைக்கா கணக்கெடுக்கும் நாள்?" என்றார்.

விளையாட்டுக்குக் கேட்கவில்லை.
முகம் முழுக்கத் தவிடும் கரியும்,
கண்ணோரம் மட்டும் கழுவியது போல.
அதுதான் படம். எனக்கே தெரிந்தது.
ஆனால் நாரை லென்ஸுக்கு
மூன்றரை மீட்டராவது வேண்டும்.
நான் நின்றது கை எட்டும் தூரம்.

நான்கே நான்கு அடி.
இவ்வளவு தூரம் பின்னால் வந்தவன்தானே.

"இல்லை, மாதக் கடைசியில்" என்றேன்.
உட்கார்ந்தேன். மூடியைப் போட்டேன்.
ஐந்து மணிவரை
கூரை எந்தப் பக்கம் முதலில் விழும் என்பதைப் பற்றிப்
பேசிக்கொண்டிருந்தோம்.
அவர் சொன்ன பக்கம்தான் விழுந்தது.

முதல் பக்கத்தில் பையனின் படம், கலங்கலாய், பிரமாதமாய்.
ஆறாம் பக்கத்தில் என் காது.
அடியில் பெயரில்லை, எனக்கும் சரி, காதுக்கும் சரி.
நெவெனா அப்புறம் கூப்பிடவில்லை.

மாதக் கடைசியில் மூன்றாம் மாடி.
தொட்டிக்கு அடியில் குனிந்து டார்ச் அடித்தேன்.
ஒன்பது கன மீட்டர்.
கசிவு ஏதும் இல்லை.
"குளித்துப் பார்க்கிறேன்" என்றார் பின்னாலிருந்து,
"ரொட்டி வாசனை போக மாட்டேனென்கிறது."
ஒன்பது என்று எழுதிக்கொண்டேன்.