நூற்றியெட்டு டிகிரி

மே மாதம், காட்பாடி. ஆய்வகத்து ஏ.சி. சொட்டுகிறது,
அடியில் ஒரு பெயிண்ட் வாளி.
திரையில் எட்டு ஆன்டெனாக்களை வரிசையாக நட்டேன்,
அரை மீட்டருக்கு ஒன்று.
கம்பி இல்லை, கம்பம் இல்லை,
எட்டுப் புள்ளிகள்தான். அலைநீளம் ஒரு மீட்டர்.

முப்பத்தேழு என்று கோணம் அடித்தேன்.
அலை வந்தது.
வெகுதூரத்து அலைக்கு வளைவு கிடையாது,
இஸ்திரி போட்ட வேட்டிபோலத் தட்டையாக,
ஒருக்களித்து வந்து முதல் புள்ளியைத் தொட்டு,
சற்றுப் பிந்தி இரண்டாவதை,
இன்னும் பிந்தி மூன்றாவதை.
ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே பின்னடைவு
நூற்றியெட்டு டிகிரி.

"ஆம்புலன்ஸ் நம்பர்" என்றாள் ஷாகிரா, எட்டிப் பார்த்து.
பேர்ணாம்பட்டுக்காரி. எப்போதும் என் இடப்பக்கம்தான் உட்காருவாள்.
ஏன் என்று நான் கேட்டதில்லை,
அவளும் சொன்னதில்லை.

இரைச்சல் சேர்க்காத அலையை யார் நம்புவார்?
சேர்த்தேன், சித்தூர் பஸ் ஸ்டாண்டையே அள்ளிக் கொட்டியதுபோல.
அப்படியும் முப்பத்தேழில் சிகரம் எழுந்தது.
நான் வைத்த இடத்தில் நானே கண்டுபிடித்தேன்.
ஒளித்தவனே தேடுகிற கண்ணாமூச்சி.

இடைவெளியை ஒருமுறை தவறி ஒரு மீட்டர் என்று அடித்துவிட்டேன்.
மைனஸ் இருபத்து மூன்றரையில் இன்னொரு சிகரம்.
அதே உயரம், அதே கூர்மை.
பொய்யென்று அதன் முகத்தில் எழுதியிருக்கவில்லை.
இடைவெளியைச் சரிசெய்ததும் அது போய்விட்டது.
வரிசைக்கு முன்னும் பின்னும் ஒன்றுதான் என்பது மட்டும் போகவில்லை.
முப்பத்தேழிலிருந்து வந்தாலும்
முதுகுப்புறம் நூற்று நாற்பத்து மூன்றிலிருந்து வந்தாலும்
எட்டும் ஒரே பதிலைச் சொல்லும்.

எனக்கு ஏழு வயதில் பொன்னுக்கு வீங்கி.
அத்தையின் தங்கச் சங்கிலியைக் கழுத்தில் போட்டார்கள்.
வீக்கம் வடிந்ததும் சங்கிலியைக் கழற்றிக்கொண்டார்கள்.
வலது காது கூடவே போனதை
பள்ளிக்கூடம் திறந்த பிறகுதான் கவனித்தார்கள்.

போன மாதம் கிரீன் சர்க்கிளில்
சைரன்.
ஓசை இருந்தது, உரக்க இருந்தது,
அதற்கு ஓர் இடம் மட்டும் இல்லை.
ஆட்டோக்கள் ஒதுங்கின. பழவண்டி ஒதுங்கியது.
ஒதுங்க வேண்டிய பக்கம் தெரியாமல்
அதன் வழியிலேயே நின்றிருந்தேன் நான்.
டிரைவர் கத்தியது நல்ல காதில் விழுந்தது.
கண்ணாடிக்குள் யாருடையதோ ஒரு பாதம்,
சாக்ஸ் போட்டது.

இன்று எல்லோரும் போன பிறகு
எட்டை ஒன்றாக்கி ஓட்டினேன்.
வரைபடம் தட்டைக் கோடு.
எல்லாத் திசையும் சமம்.
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்,
பாஸ்போர்ட் போட்டோவில் தன்னைப் பார்ப்பதுபோல.

பிறகு அந்த ஒற்றையை அரை மீட்டர் நகர்த்தினேன்.
கேள். குறித்துக்கொள். நகர். மறுபடி கேள்.
எட்டு இடம், எட்டு நேரம், ஒரே ஆன்டெனா.
அலை அதுவரை மாறாமல் நின்றால் போதும்.
நின்றது. நிற்கச் சொல்லித்தான் எழுதியிருந்தேன்.
முப்பத்தேழில் சிகரம் முளைத்தது.

மறுநாள் அதே கிரீன் சர்க்கிள், அதே வெயில்.
தூரத்தில் சைரன்.
தலையை மெல்லத் திருப்பினேன், நின்றேன், இன்னும் கொஞ்சம் திருப்பினேன்.
கரும்புச்சாறு கடைக்காரர் என்னையே பார்த்தார்.
"முன்னாடி" என்றேன், "சத்துவாச்சாரி பக்கம்."
"பின்னாடிடீ" என்று ஷாகிரா முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

காற்று முதுகில் அறைந்துவிட்டுப் போனது.
கோணம் சரிதான்.