அடையாத வாத்துகள்

ஏப்ரலில் ஒரு நாள், விடிய இன்னும் நேரமிருக்கையில்
தபால் நிலையத்திலிருந்து ஓடெட் கூப்பிட்டாள்:
"வெர்லின், உன் பெட்டி கத்துகிறது.
சீக்கிரம் வந்து எடுத்துப் போ,
மற்ற கடிதங்கள் மிரள்கின்றன."

வெர்மான்ட்டில் அது சேற்றுக்காலம்.
லாரியில் ஹீட்டரைக் கூட்டிவைத்து
துளை போட்ட அட்டைப்பெட்டியை
என் பக்கத்து இருக்கையில், பெல்ட் மாட்டி, உட்காரவைத்தேன்.
ஏழு கோழிக்குஞ்சு. நான்கு வாத்துக்குஞ்சு.

சிவப்பு விளக்கின் கீழ்
குளியல் தொட்டியில் வளர்ந்தார்கள்.
கோழிகள் தண்ணீரைக் குடித்தன, அவ்வளவுதான்.
வாத்துகளோ
குடித்து, கொப்பளித்து, துப்பி,
தீவனத்தைக் கூழாக்கி, கூழைச் சுவரில் அடித்து,
அந்த ஈரத்திலேயே நிம்மதியாக உறங்கின.
மூன்று வாரம் நான்
சமையலறைக் குழாயில் தலையை நுழைத்துக் குளித்தேன்.

கூண்டுக்கு உட்சுவர்,
தேர்தலில் தோற்ற ஒருவரின் விளம்பரப் பலகைகள்.
இரவெல்லாம் அவர் கோழிகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்.
அவருக்கும் ஒரு கூட்டம் சேர்ந்தது என்றாள் ஓடெட்.

பொழுது சாயும்போது
யாரும் சொல்லாமலே கோழிகள் அடையும்.
ஏணியில் ஒவ்வொன்றாக ஏறி,
நேற்றைய இடத்துக்கே சண்டை போட்டு,
ஒரு முனகல், பிறகு மௌனம்.
வாத்துகளுக்கு அந்தி என்றால்
அப்போதுதான் கடை திறக்கிற நேரம்.
நத்தை இருக்கிறது, புழு இருக்கிறது, குட்டை இருக்கிறது,
நெற்றியில் விளக்கும் கையில் கம்புமாக
அங்குமிங்கும் ஓட நான் இருக்கிறேன்.
மடையனை ஏன் வாத்து என்று திட்டுகிறார்கள் என்று
குட்டையின் இருட்டைப் பார்த்துக் கேட்டிருக்கிறேன்.
நான்கும் ஒரே குரலில் பதில் சொல்லும்.

நவம்பர். முதல் பனி.
பனி தள்ளும் வண்டிக்கு என்னை உடனே வரச் சொல்லி
ஊராட்சி அலுவலகத்திலிருந்து அழைப்பு.
மூன்று தடவை கம்பை வீசிப் பார்த்தேன்.
குட்டையின் நடுவில் நான்கு நிழல்,
கரைக்கு முதுகு காட்டி.
செத்துப் போங்கள் என்றேன். சத்தமாகவே சொன்னேன்.
கோழிகளை எண்ணினேன்,
ஆறா ஏழா தெரியவில்லை,
ஏழு என்று வைத்துக்கொண்டு
இரண்டு தாழ்ப்பாளும் போட்டேன்.

திரும்பியபோது விடிந்திருந்தது.
பனியில் இரட்டை இரட்டையாகப் புள்ளிகள்,
யாரோ முற்றத்துக்குத் தையல் போட்டதுபோல்
விறகடுக்கிலிருந்து கூண்டு வரை.
பலகையில் முடிச்சு கழன்ற ஓட்டை,
என் கட்டைவிரல்தான் போகும்.
கீரி மாதிரி ஒன்று, குளிரில் வெள்ளை உடுத்துவது,
வால் நுனி மட்டும் கறுப்பு.
அதற்கு அந்த இடம் போதும்.

ஆறு பேர்.
மூலையில், ஒன்றின் மேல் ஒன்றாக,
விறகு அடுக்கும் ஒழுங்கில்.
தாழ்ப்பாள் இரண்டும் போட்டபடியே இருந்தன.
சுவரில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

மண் இன்னும் இறுகவில்லை, தோண்ட முடிந்தது.
குட்டைப் பக்கம் எதுவோ கேறியது.
கவிழ்த்துப் போட்ட படகுக்கு அடியில்
நான்கு வாத்து, நடுவே ஏழாவது கோழி.
எல்லோரிடமும் கொத்து வாங்குகிறவள்,
ஏணியின் கடைசிப் படியைத் தாண்டி
யாரும் ஏறவிடாதவள்.
அவளுடைய ஒரு பக்க இறகில்
அடுத்தவர்களின் சேறு.
பனிமேல் யாரோ கைதவறிப் போட்டதுபோல்
ஒரு பச்சை நிற முட்டை, இன்னும் சூடாக.
கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.
மண்வெட்டியை எங்கே சாத்தினேன் என்று மறந்துபோனது.

ஓட்டைக்குத் தகரம் அடித்தாயிற்று.
சுவர், தரை, எல்லா முடிச்சுக்கும்.
குஞ்சுகளுக்கு வசந்தத்தில் சொல்லலாம் என்றேன் ஓடெட்டிடம்.
சொல், என்றாள், வேடிக்கை எதுவும் பேசவில்லை.

இப்போதும் அந்தியில் கம்போடு நடக்கிறேன்.
இப்போதும் வருவதில்லை, சுற்றுகின்றன.
கடைசியில் வரிசையாக உள்ளே போகையில்
வரிசையின் கடைசியில் அவளும்,
ஈரத்தில் காலை உயர்த்தி உயர்த்தி வைத்து.
பரணெல்லாம் காலி.
ஏறிப் பார்ப்பதில்லை,
வைக்கோலில் அவற்றின் ஓரமாய் உட்காருகிறாள்.

விளக்கைத் தாழ்த்தி எண்ணுகிறேன்.
ஒன்று, இரண்டு, மூன்று,
ஒரு வாத்து இடம் மாறுகிறது.
முதலிலிருந்து எண்ணுகிறேன்.