உறை

இன்றிரவு பன்னிரண்டுக்குக் கதவடைப்பு.
அதற்குள் ஏறிய பொதிகள் ஏறியவை,
மற்றவை இரண்டு வருடம் வாசலில் நிற்கும்.
ஃப்ரீஸ் என்பார்கள்.
மொழிபெயர்ப்புக் கோப்பில் நான் அதை உறைவு என்று எழுதினேன்.
யாரும் மறுக்கவில்லை. யாரும் படிக்கவுமில்லை.

கம்மனஹள்ளியில் மழை. மின்சாரம் போய்
யுபிஎஸ் அரை நிமிடத்துக்கொரு தரம் கேவுகிறது.
அறைத்தோழன் துஷார் பல் தேய்க்குமுன் அப்டேட் போடுகிறவன்.
நேற்று அவன் கணினியில் எல்லாமே புதிது,
ஒலி மட்டும் இல்லை.
நேர்முகத் தேர்வைத் தலையாட்டியே ஒப்பேற்றினான்.
நான் வேறு ரகம்.
ஏழாம் படி ஆடும் என்று தெரிந்த மாடிப்படியில்
இருட்டிலும் இறங்கிவிடுவேன்.

அல்சூர் ரத்த வங்கியிலிருந்து சலோமியின் கடிதம்
பதினாறு நாளாய் என் பெட்டியில் கிடக்கிறது:
"கொ-வில் தொடங்கும் பெயர்கள் உடைந்து அச்சாகின்றன.
கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்,
நடுவில் புள்ளிபுள்ளியாய் ஒரு வட்டம்.
விருத்தாசலத்திலிருந்து சென்ட்ரிங் வேலைக்கு வந்த கொளஞ்சி
ரத்தப் பையின் சீட்டைப் பார்த்துவிட்டு
இது என் பேரில்லை, ஏத்தாதீங்க என்கிறார்."

புதிய பதிப்பில் அது சரியாகிவிட்டது.
கூடவே பதினோராயிரம் வரிகள் மாறியிருக்கின்றன,
எது எதை இடிக்குமென்று எழுதியவருக்கே தெரியாது.
போன முறை புதுசை அப்படியே ஏற்றினேன்.
ஆறு மணி நேரம் அச்சு எந்திரம் வாய் திறக்கவில்லை.
சலோமி பால்பாயின்ட் பேனாவால்
ரத்த வகையை எழுதி எழுதி ஒட்டினாள்.
"புதுசு வேண்டாம் சார். இது மட்டும் சரியானால் போதும்."

நானும் அதைத்தான் கேட்கிறேன்.
வாடகையை ஏற்றாமல் குழாயை மட்டும் மாற்றச் சொல்லி
வீட்டுக்காரரிடம் மூன்று மாதமாய்.

பத்தே காலுக்குப் புதியதைப் பிரித்தேன்.
அந்தப் பதினோராயிரத்தில்
கொளஞ்சிக்கு வேண்டியது ஒன்பதே வரி.
வெட்டிப் பழையதில் தைத்தேன்.
ஒன்பதில் ஒன்று,
பழைய வீட்டில் பிறக்காத ஒரு பெயரைக் கூப்பிட்டது.
பத்தாவதாய் ஒரு வரி நானே எழுதினேன்.
சோதனைத் திரையில் கொளஞ்சி
கொம்பும் காலும் சேர்ந்து நின்றார்.

பதினொன்று நாற்பதுக்கு ஏற்றிவிட்டு
அடுப்படிக்குப் போனேன். பால் கைச்சூட்டுக்கு ஆறியிருந்தது.
நேற்றைய தயிரில் ஒரு கரண்டி உறை ஊற்றினேன்.
இந்த ஊர்க் குளிருக்கு ஒன்று போதாது, இன்னொரு அரை.
பாத்திரத்துக்குத் துஷாரின் ஸ்வெட்டரைச் சுற்றினேன்.

திரும்பி வந்தபோதுதான் பார்த்தேன்,
சௌ இன்னும் உடைகிறது.
மணி பதினொன்று ஐம்பத்தெட்டு.
இரண்டு நிமிடத்தில் தைத்தால்
எதைக் கிழிப்பேனென்று சொல்ல முடியாது.

சலோமிக்கு எழுதினேன்:
கொளஞ்சி சரியாகிவிட்டார்.
சௌந்தரவல்லி என்று யாராவது வந்தால்
இரண்டு வருடம் பேனா பிடியுங்கள்.

யுபிஎஸ் ஓய்ந்துவிட்டது.
அடுப்படியில் துஷார் எதையோ தேடுகிறான்.
ஸ்வெட்டரைத் தொடாதே என்று கத்தினேன்,
இனி அதை அசைக்கக் கூடாது.