பழுப்புத் தாள் மிஞ்சும்

ஒரு கட்டில் பதினைந்து நிறம்.
தங்கம் ஒன்றே ஒன்று, வெள்ளி ஒன்றே ஒன்று,
மீதியெல்லாம் நாலு நாலு.
செர்ரிப் பூ செய்தே
வசந்தத்தில் இளஞ்சிவப்பு தீர்ந்துவிடும்.
பழுப்பு மட்டும்
பந்தியில் இடம் கிடைக்காதவன் மாதிரி
கட்டின் அடியில் ஒதுங்கி நிற்கும்.

ஹச்சினோஹேயில் எங்கள் வீடு மூன்றாம் மாடி.
மிஹோகோ கப்பலில் சமைக்கிறாள்,
பத்து நாள் கடல், ஐந்து நாள் கரை.
நான் கணவாய் ஆலையில் பெட்டி அடுக்குகிறேன்.
குளிர்பெட்டிக் கதவில்
மாதத்துக்கு ஒன்றாவது ஒட்டிவிட வேண்டும்
என்பது கொனோமியின் சட்டம்.
கடலில் மாதம் தெரியாதாம்,
அம்மா வந்து கதவைப் பார்த்துத் தெரிந்துகொள்வாளாம்.

மூலையோடு மூலை சேர்க்கச் சொல்கிறது புத்தகம்.
நாலு வயது விரலுக்கு
மூலை என்பது வெறும் வதந்தி.

மே மாதம் செய்தித்தாளில் போர்த்தொப்பி.
பெரிய தாள், அதனால் தப்பித்தோம்.
நெற்றியில் மீன் விலை தெரிய
அவள் படையெடுத்துப் போனாள்
குளியலறை வரைக்கும்.

ஜூன் மழைக்குத் தவளை.
பாதியாக மடி.
மேல் மூலை இரண்டையும் கூரையாக்கு.
பக்கங்களை நடுவுக்குக் கொண்டு வா.
அடியை மேலே மடக்கி,
அதிலேயே பாதியைக் கீழே மடக்கு:
அங்கேதான் தாவல் ஒளிந்திருக்கிறது.
என்னுடையது தாவவில்லை,
உட்கார்ந்து யோசித்தது.
அவளுடையதற்கு ஒரு கால் நீளம்.
முதுகை அழுத்தினாள்,
பக்கவாட்டில் பாய்ந்து
என் மிசோ சூப்பில் விழுந்தது.
எடுத்து முகர்ந்து பார்த்தாள்.
"கணவாய் நாத்தம்."
சூப் இல்லை, என் விரல்.
மூன்று முறை சோப்பு போட்டும் போகாதது.
கடல் தவளை என்று பெயர் வைத்து
ஈரத்தோடு ஒட்டினோம்.

ஜூலையில் நட்சத்திரம் என்று தொடங்கியது
எங்கேயோ ஒரு மடிப்பு தப்பி
ஆகஸ்டில் மீனாக முடிந்தது.
தங்கமீனாச்சே, தங்கத் தாளில் செய்யலாமே என்றேன்.
கையைத் தட்டிவிட்டாள்.
"அது முக்கியமானதுக்கு."

அக்டோபரில்
பழுப்புக்கு ஒருவழியாக அழைப்பு வந்தது.
கொனோமி என்றால் மரத்தின் கொட்டை.
தன் பெயரைத் தானே மடித்தாள்,
மூன்று கட்டில் மிஞ்சிய பன்னிரண்டில்
பதினொன்று.
ஒன்றுகூட மற்றொன்றைப் போல இல்லை.
கதவு கனத்துப்போய்
பாலை எடுக்கும்போதெல்லாம்
ஏதாவது ஒன்று உதிர்ந்தது.
காடு என்றால் அப்படித்தான் என்றாள்.

டிசம்பர். பனி ஜன்னல் விளிம்புவரை.
புத்தகத்தில் சாண்டா இருந்தார்,
எங்களிடம் சிவப்பு இல்லை.
கடைசிப் பழுப்பை எடுத்துப்போய்
எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து
வெகுநேரம் கழித்து நீட்டினாள்.
குறுக்கே ஒரே ஒரு மடிப்பு,
சுற்றிலும் டேப்.

"என்ன இது?"
"குகை."
"கரடி எங்கே?"
"உள்ளே. தூங்குது. மெதுவா பேசு."

அன்றிலிருந்து குளிர்பெட்டியை
மூச்சுப் பிடித்துத் திறக்கிறேன்.
கப்பலிலிருந்து வந்த மிஹோகோ
பெட்டியின் சக்கரம் சத்தம் போடாமல்
இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நுழைந்தாள்.
ஐந்து நாளும் நாங்கள்
கிசுகிசுத்துத்தான் சண்டை போட்டோம்,
வாடகைக்கு ஒருமுறை,
எதற்கென்று மறந்துபோனதற்கு ஒருமுறை.

மார்ச் முடிகிறது.
கூரைப் பனி சரிந்து விழும் ஓசை.
புதுக் கட்டு வாங்கியாகிவிட்டது,
இளஞ்சிவப்பு நாலு.
குகையைக் கழற்றட்டுமா என்றேன்.
"இன்னும் எழுந்திருக்கலை."

உண்மைதான், வயிறு கொஞ்சம் உப்பித்தான் இருக்கிறது.
ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது
உள்விளக்கு பட்டு
டேப்பின் இடுக்கில் ஒரு நூலளவு
மஞ்சளாக மின்னியது.
பழைய கட்டை எடுத்துத் தேடினேன்.
வெள்ளி இருந்தது.

கதவை மெதுவாகச் சாத்தினேன்.
காலையில் அவள் செய்த பூவை,
ஐந்து இதழுக்கு நாலே இதழ்,
குகைவாய்க்கு நேர் கீழே ஒட்டினேன்,
பசியோடு எழுந்து வந்தால்
முதலில் அது கண்ணில் படட்டும்.